ஒன்றுக்கும் ஆகாத காடு

தங்கசாமி தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கொறங்காட்டுப் படலைத் திறந்து உள்ளே வந்தபோது, அங்கே மாடுகளைத் தவிரச் சென்றாயன் ஒருவர்தான் இருந்தார். முந்தின நாள் யாருடைய வெள்ளாடோ கிளுவை வேலியில் புகுந்து ஓட்டை போட்டிருந்தது. அதில் முள்ளை வைத்து மிதித்து அடைத்துக்கொண்டிருந்தவர், தங்கசாமி ஏதோ எழவுச் செய்தி கொண்டுவருகிறார் என்று நினைத்து, கையிலிருந்த கவைக்கோலைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தார். தங்கசாமி நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஊர்ச் சாவடி முன்னால் நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தமுக்கை அடித்தார். மாடுகள் மிரண்டு வாலைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஒன்றாக ஓடின.

"ஏப்பா தங்கசாமி, மாட்டுக்கிட்ட வந்து எதுக்கப்பா தட்டற? ஊருக்குள்ள போயித் தட்டு."

"ஊருக்குள்ள தட்டிப்போட்டுத்தானுங்க வாரேன். காட்டுலயும் வந்து தட்டோணும்னு உத்தரவுங்க சாமி. ஆளிருந்தாலும் தட்டோணும், இல்லாட்டியும் தட்டோணும்னுட்டாங்க."

அப்புறம் தங்கசாமி மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தார். இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், செங்காட்டுப்புதூர்க் கிராமத்தில் டவுனை ஒட்டியுள்ள சாகுபடியில்லாத தரிசு நிலங்கள் முனிசிபாலிட்டி எல்லைக்குள் சேர்க்கப்பட்டு, வீட்டுமனைகள் போடுவதற்காக எடுத்துக்கொள்ளப்படும். ஆட்சேபணை உள்ளவர்கள் ஐப்பசி மாசம் நடக்கும் விசாரணையில் ஆஜராகித் தெரிவித்துக்கொள்ள வேண்டியது. சொல்லி முடித்ததும் மறுபடி ஒரு தட்டுத் தட்டி, இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வெள்வேல மரத்தில் சோற்றுப்பசை தடவி ஒட்டினார். போகும்போது படலை மறக்காமல் சாத்திவிட்டுப் போனார்.

 வீடு, மனை, முனிசிபாலிட்டி, இதெல்லாம் சென்றாயனுக்கு உறைக்கவில்லை. தரிசு என்ற ஒரு வார்த்தைதான் உறைத்தது. யாருடைய காடு தரிசு? முழங்கால் வரை புல் நிற்கிற இந்தக் காடா? குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடித்துப் பார்த்தார். அது அங்கேதான் இருந்தது.

கொறங்காடு என்றால் மேற்கே தாராபுரம், காங்கேயம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் காடு என்பது மரங்கள் அடர்ந்த வனம் அல்ல, மானத்து மழையை நம்பி விதைக்கிற மேட்டுநிலம். அதிலே ஒரு பங்கைக் கலப்பை படாமல் விட்டுவைத்து, சுற்றிலும் கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல் விதைத்து, அங்கங்கே வெள்வேல மரத்தை நிழலுக்கு விட்டால் அது கொறங்காடு. காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் பொழுது சாய்கிற வரைக்கும் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். அதற்கு அறுவடை உண்டு. அறுக்கிறது மாட்டின் வாய். விளைச்சல் தயிர்ப்பானை வழியாக வந்து சேரும். சென்றாயனின் பெண்சாதி அத்தாயி உருக்குகிற நெய்க்கு ராசிபுரத்தில் தனி மரியாதை இருந்தது. அந்த நெய்யில்தான் மூத்த பெண்ணை எடப்பாடியில் கட்டிக்கொடுத்தார்கள், அந்த நெய்யில்தான் மழையில்லாத வருஷங்களில் சோறு தின்றார்கள். ஆனால் சித்திரை மாசத்தில் வந்து பார்க்கிற புது ஆளுக்கு, மாடு கரம்பிவிட்டுப் போன மொட்டைத் தூர்களும் முள்மரமும் சிவப்பு மண்ணும் மட்டும்தான் தெரியும். வேர் மண்ணுக்குள்ளே உயிரோடு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

தமுக்கு வருவதற்கு முன்னால், நிலம் அளக்கிற சர்வேயர் வந்ததும் அந்தச் சித்திரையில்தான்.

சர்வேயர் பெயர் ஆரோக்கியசாமி. டவுனில் மாதா கோயில் தெருக்காரர். கழுத்தில் வெள்ளிச் சிலுவை, தலையில் சோலாத் தொப்பி, வாய் நிறைய மரியாதை. சங்கிலி பிடிக்கிற ஆட்களோடு வெயிலில் வந்து நின்றவருக்கு அத்தாயி மோர் கரைத்துக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே அவர் கேட்டார், "ஏனுங்க, இதுல என்ன வெள்ளாமை பண்றீங்க?"

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரே பதில்தான் உண்டு. காகிதம் வைத்திருக்கிறவன் முன்னால் எவனும் தன் காட்டைப் புகழமாட்டான். புகழ்ந்தால் கிஸ்தி ஏறும். கிஸ்தி ஏறாவிட்டால் கண் விழும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று தாய்ப்பாலோடு குடித்த ஜனங்கள். சோளம் ஆளுயரம் நின்றாலும், எப்படி வெள்ளாமை என்று கேட்டால், "என்னமோ இருக்குதுங்க" என்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் ஏற்றிச் சொல்வார்கள், அதுவும் மூன்றாம் மனிதர் வாயால். மாட்டு விஷயத்தில் இன்னும் மோசம். எத்தனை உருப்படி என்று எண்ணிச் சொல்லிவிட்டால் பட்டியில் ஒன்று குறையும் என்று நம்பிக்கை. மாட்டுத்தரகனே எண்ணிக் கேட்கமாட்டான், சாடையாகத்தான் கேட்பான்.

சென்றாயன் தன் அப்பன் சொன்னதை, அப்பனுக்கு அப்பன் சொன்னதைச் சொன்னார்.

"இதுல என்னங்க இருக்குது, பொட்டக்காடு. ஒண்ணுக்கும் ஆகாதுங்க. யாராச்சும் எடுத்துக்கிட்டாங்கன்னாத் தேவலீங்க."

"பண்டம் பாடி, மாடு கன்னு?"

"என்னமோ நாலஞ்சு நிக்குதுங்க."

ஆரோக்கியசாமி அதை அப்படியே எழுதிக்கொண்டார். டவுனில் பிறந்து வளர்ந்தவர். ஒரு மனிதன் தன் நிலத்தைப் பற்றித் தானே சொல்கிறதை நம்பாமல் வேறு எதை நம்புவது என்று நினைத்தார். எழுதினதை ஒரு தரம் வாசித்தும் காட்டினார். சென்றாயன் தலையாட்டிக் கைநாட்டு வைத்தார். கிஸ்தி ஏறாமல் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு ராத்திரி இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை வந்த சந்தோஷம். இவருக்கு அதுவும் இல்லை.

தமுக்கு அடித்த செய்தியை அத்தாயியிடம் சொல்லும்போது அவள் தயிர் கடைந்துகொண்டிருந்தாள். மத்து நின்றது. கயிற்றின் இரண்டு முனையும் இரண்டு கையிலும் அப்படியே இருந்தன.

"யாராச்சும் எடுத்துக்கட்டும்னா சொன்னீங்க?"

"பேச்சுக்குச் சொன்னது புள்ள. எல்லாரும் சொல்றதுதான?"

"பேச்சுக்குச் சொன்னதுன்னு அவியளுக்குத் தெரியுமா?"

  மல்லசமுத்திரத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம், புல்விதையை மடியில் கட்டிக்கொண்டு மாமனார் பின்னால் நடந்து, வேலியோரத்து வெற்றிடத்தில் தூவினது அவளுக்கு ஞாபகம் வந்தது. விதைத்த பிறகு இரண்டு மழைக்காலம் மாட்டை உள்ளே விடாமல் காத்தார்கள். அப்போது அந்த மாமனாரும் யார் கேட்டாலும் பொட்டக்காடு என்றுதான் சொன்னார். அவள்கூடச் சொல்லியிருக்கிறாள். யாரைக் குற்றம் சொல்வது? மத்தை மறுபடி இழுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு வெண்ணெய் சரியாகத் திரளவில்லை.

ஐப்பசியில் விசாரணை நடந்தது. முனிசிபல் ஆபீஸ் மாடி ஹாலில் விசாரணை ஆபீசர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நிலம் என்றால் அதில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று நினைக்கிற பக்கம். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையிலிருந்து ஒரே பாட்டைக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தார். சித்திரையில் தங்கள் காட்டைத் திட்டி எழுதிக் கொடுத்த அத்தனை பேரும் ஐப்பசியில் வந்து அதைத் தலைமேல் வைத்துக் கூத்தாடினார்கள். சென்றாயன் காட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் அப்புசாமி முதலில் எழுந்தார். கலப்பை கல்லில் மாட்டித் தினம் ஒரு கொழு உடைகிற காடு அவருடையது.

"எம்பட காடு பொன்னு வெளையற பூமிங்க. போன வருசம் சோளத்தட்டு ஆனை மறையற ஒசரமுங்க."

"அப்படியா? பாறை, புல் பூண்டு முளைக்காதுன்னு சித்திரையில நீரே சொல்லியிருக்கீரே?"

"அது சித்திரைங்க."

ஹாலே சிரித்தது. ஆபீசர் சிரிக்காமல், "சரி, நேரில் வந்து பார்க்கிறேன், உட்காரும்" என்றார். அதே வார்த்தையை அன்று எல்லோரிடமும் சொன்னார்.

சென்றாயன் முறை வந்தது. ஆபீசர் வாசித்தார், "'ஒன்றுக்கும் ஆகாத பொட்டல். யாராவது எடுத்துக்கொண்டால் தேவலை.' நீர் சொன்னதுதானே?"

தன் வாயிலிருந்து வந்த வார்த்தை தஞ்சாவூர்க்காரர் வாயிலிருந்து திரும்பி வந்தது. காட்டில் சொன்னபோது அந்த வார்த்தைக்குக் கனமே இல்லை. இங்கே அது அரிவாள் மாதிரி இருந்தது.

"சொன்னதுதானுங்க."

"பின்னே என்ன ஆட்சேபணை?"

சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சில் இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தார். ஆனால் அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், அவ்வளவு கண்களுக்கு முன்னால், என் காடு நல்ல காடு என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஐம்பது வருஷமாகப் பழகாத நாக்கு ஒரே நாளில் எப்படி எழும்? "புல்லு இருக்குதுங்க" என்றார்.

"என்ன புல்?"

"என்னமோ, புல்லுங்க."

"மாடு எத்தனை?"

"நாலஞ்சு..."

"பொய்யிங்க சாமி."

கதவோரம் நின்ற அத்தாயியின் குரல் அது. கூட்டம் திரும்பியது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "கண்ணு பட்ருமுன்னு இப்பிடிச் சொல்றாருங்க. சித்திரையிலயும் அதுக்குத்தான் சொன்னாரு. இது எங்க பக்கத்துப் பழக்கமுங்க, இதை நெசம்னு எடுத்துக்கப்படாது." அப்புறம் எத்தனை உருப்படி என்று எண்ணைச் சொன்னாள். வாய்விட்டு, ஹால் கடைசிவரை கேட்கும்படி. அந்த எண்ணை நானும் இங்கே எழுதப்போவதில்லை. எண்ணோடு நிறுத்தவில்லை, செவலை, மயிலை, பில்லை, காரி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். எது கறக்கிறது, எது சினை, எது கிடேரி என்று சொன்னாள். "அத்தனையும் அந்தப் புல்லை நம்பித்தானுங்க நிக்குது. மானம் பேயாத வருசத்துலயும் அந்த வேரு சாகாது. மழை ஒருக்காப் பட்டாப் போதும், பச்சை கட்டிக்கும். நீங்க வந்து பாருங்க. இப்பப் பாத்தீங்கன்னா முழங்கால் ஒசரம் நிக்குது."

 அப்புசாமி வாயைப் பொத்திக்கொண்டார்.  தன் பெண்சாதி ஊர் நடுவில் நின்று துணியை அவிழ்த்ததுபோலச் சென்றாயனுக்கு இருந்தது. ஆபீசர் பேனாவை மையில் தொட்டு, எழுதாமல், அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. நேரில் வந்து பார்க்கிறேன்" என்றார்.

படி இறங்கியதும் ஆரோக்கியசாமி பின்னாலேயே ஓடி வந்தார். சென்றாயனைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அவர் முகம் வாடியிருந்தது. "எம்மேலயும் தப்பு இருக்குதுங்க. சித்திரையில நீங்க சொன்னதை அப்படியே எழுதிப்புட்டேன். அந்தம்மா சொல்றதைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு. ஆனா புல்லுங்கறது எங்க ரூல்ல இல்லீங்க. உழவு, வெதை, கெணறு, கட்டடம், இதுதான் இருக்குது. அவர் வந்து பாக்கறப்ப புல்லு நின்னாத் தரிசுன்னுதான் ஆகும். உழுது நாலு கொள்ளு வெதைச்சு உடுங்க. சாகுபடின்னு நான் எழுதிக் கொடுத்தர்றேன். மாதா சத்தியமா."

அப்புசாமியும் அதையேதான் சொன்னார். ஊரே அதைத்தான் செய்துகொண்டிருந்தது. பாறைமேல்கூட இரண்டு கீறல் இழுத்துக் கொள்ளு விதை வீசியிருந்தார்கள்.

 வீட்டுக்குத் திரும்பும்போது, இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரியில் வைத்துச் சென்றாயன் சொன்னார், "எண்ணிச் சொல்லிட்டயே புள்ள." அவள், "சொன்னேன்" என்றாள், அவ்வளவுதான். பட்டிக்கு வந்ததும் அவர் உப்பும் மிளகாயும் எடுத்து ஒவ்வொரு மாட்டுக்கும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் கமறியதா என்று மோந்து பார்த்தார். கமறவில்லை. கமறாவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். 

உழவு விஷயத்தைச் சொன்னபோது அத்தாயி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "புல்லை உழுதுபோட்டுக் காட்டைக் காப்பாத்தி என்னங்க பண்றது? மறுக்காப் புல்லு கட்டறதுக்கு ரெண்டு மழைக்காலம் வேணும். அதுவரைக்கும் மாடு எதைத் திங்கும், உங்க கொள்ளுப் பயிரையா? நான் உள்ளதைச் சொல்லிட்டேன். வந்து பாக்கட்டும்."

"உள்ளதைச் சொன்னா நம்பறதுக்கு அவரு உங்கொண்ணனா?"

அவள் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சென்றாயன் ஒத்துக்கொண்டார் என்று அவள் நினைத்தாள். அவர் வாயில் ஒன்று இருக்கும், மனசில் ஒன்று இருக்கும் என்பது இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவளுக்கு அந்த ஒரு தடவை மறந்துபோயிற்று.

கார்த்திகை பிறந்து, மல்லசமுத்திரத்தில் அவள் தம்பி குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. அவள் பஸ் ஏறின மறுநாள் விடியலில், சென்றாயன் சொல்லிவைத்தபடி, அப்புசாமி ஏர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் காட்டுக்கு இன்னொருவர் ஏர் கொண்டுவருவது வழக்கம். கூலி கிடையாது, சோறுதான். சென்றாயன் தன் ஏரை முன்னால் பூட்டினார். முதல் உழவுசாலில் கொழு இறங்கவே இல்லை. வேர்க்கட்டு அதை மேலே தள்ளியது. மேழியில் நெஞ்சை வைத்து அழுத்தினார். கொழு பிடித்ததும் தரைக்கு அடியிலிருந்து, கெட்டித்துணியைக் கிழிக்கிற சத்தம் வந்தது. அந்தச் சத்தம் தொடர்ந்து அவர் கூடவே நடந்தது. இதுவரை அவர் எத்தனையோ காடு உழுதிருக்கிறார், உழவில் சத்தம் கேட்டதில்லை. இரண்டாவது சாலில் நிறுத்திவிடலாமா என்று நினைத்தார். பின்னால் ஏர்கள் வந்துகொண்டிருந்தன. முன் ஏர் நின்றால் எல்லா ஏரும் நிற்கும், என்ன என்று கேட்பார்கள், பெண்சாதி வேண்டாமென்றாள் என்று சொல்ல முடியுமா? காளைகளை அதட்டினார்.

உச்சிப் பொழுதுக்குள் முடிந்துபோயிற்று. அதுதான் அவரைத் திகைக்க வைத்தது. அப்பன் காலத்திலிருந்து கலப்பை படாமல் காத்ததை அழிக்க ஒரு காலைப்பொழுது போதும் என்று அவர் நினைக்கவில்லை, நாள் கணக்கில் ஆகும், நடுவில் ஏதாவது வந்து தடுக்கும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பியிருந்தார். ஒன்றும் வந்து தடுக்கவில்லை. வேலியோரம் ஏர் திரும்ப முடியாத ஒரு கீற்றுப் புல் மட்டும் மிச்சமிருந்தது. கொள்ளு விதையை வீசிவிட்டு, ஏர்க்காரர்களுக்குச் சோறு போட்டு அனுப்பினார். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

அத்தாயி மறுநாள் விடிந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். காதுகுத்துப் பலகாரத் தூக்கோடு இட்டேரியில் நடந்து வரும்போது புது உழவு வாசம் அடித்தது. அந்த வாசம் வந்தால் எங்கள் ஜனத்துக்கு யோசிக்காமலே மனசு குளிர்ந்துவிடும். அவளுக்கும் குளிர்ந்தது. யார் காட்டில் உழவு என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடையாளம் தெரியாமல், தப்பான இட்டேரியில் வந்துவிட்டோமோ என்று திரும்பி வந்த வழியைப் பார்த்தாள். வெள்வேல மரங்கள்தான் அவளுக்கு இடத்தைச் சொல்லின. தூக்கு கையிலிருந்து நழுவியது.  படலைத் திறந்து உள்ளே போய், உழவுசாலில் கால் புதைய நின்றாள். சென்றாயன் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். ஏதாவது திட்டுவாள் என்று காத்து நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் இட்டேரியில் கார் சத்தம் கேட்டது.

ஆபீசர் முன்னால் இறங்கினார், ஆரோக்கியசாமி பின்னால். மற்ற காடு எதையும் பார்க்காமல் நேரே இங்கேதான் வந்திருந்தார்கள். ஆரோக்கியசாமி உழுத மண்ணைப் பார்த்துச் சென்றாயனுக்கு மெல்லத் தலையை ஆட்டினார், நல்ல காரியம் செய்தீர்கள் என்பதுபோல. ஆபீசர் படலுக்குள் இரண்டடி வைத்து நின்றுவிட்டார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். பிறகு அத்தாயியை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதானேம்மா அன்னிக்கு வந்து பேசினது? ஊர் பூரா என் கண்ணுக்காக உழுது போட்டிருக்கான்னு தெரியும். நீ ஒருத்திதான் உழவு பத்திச் சொல்லலை, புல்லைப் பத்திச் சொன்னே. எங்க ஊர்ப் பக்கம் இந்த மாதிரி கேள்விப்பட்டதில்லை. மேய்ச்சலுக்குன்னு ஒருத்தர் புல் விதைச்சு வச்சிருந்தா அதைத் தரிசுன்னு எப்படி எடுத்துக்கிறதுன்னு கலெக்டருக்கே எழுதிக் கேட்டேன். கண்ணால பார்த்து எழுது, விட்டுடலாம்னு பதில் வந்தது. அதான் வந்தேன். எங்கேம்மா அந்தப் புல்?"

ஆரோக்கியசாமியின் கை கழுத்துச் சிலுவைக்குப் போயிற்று.  

சென்றாயன்தான் பேசினார். "இங்கதானுங்க" என்று ஆரம்பித்தார். "இந்தா, இங்க இருந்து அந்த மூலை வரைக்குமுங்க. கொழுக்கட்டைப் புல்லு. இந்தச் சீமையிலயே இப்பிடிப் புல்லு கெடையாதுங்க. எங்கொப்பன் வெதைச்சது. அதுல மேஞ்ச மாட்டுப் பால்ல தண்ணி ஊத்துனாக்கூடத் திக்கா இருக்கும். நெய்யி மணல் மணலா இருக்கும், ராசிபுரத்துல கேட்டுப் பாருங்க. பஞ்சத்துலயும் இது காயலீங்க. ஊரே மாட்டை வித்தப்ப நான் விக்கலை." மாடு எத்தனை என்று எண்ணைச் சொன்னார், கேட்காமலே. ஒவ்வொன்றின் பெயரும் சொன்னார். கையை விரித்து விரித்து, வெறும் மண்ணைக் காட்டிக் காட்டிப் பேசினார். வாழ்நாளில் அவர் தன் காட்டைப் புகழ்ந்தது அன்றைக்குத்தான். நிறுத்தாமல், "பொன்னுங்க, பொன்னு" என்றார்.

"யார் உழுதது?" என்று ஆபீசர் ஆரோக்கியசாமியைக் கேட்டார். ஆரோக்கியசாமி குனிந்து மண்ணைப் பார்த்தார். சென்றாயன் காதில் அந்தக் கேள்வி விழவில்லை. அவர் வேலியோரத்துக் கீற்றுப் புல்லுக்கு ஓடி, ஒரு கை பிடித்து அறுத்துக்கொண்டு வந்து ஆபீசரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். என்ன செய்வது என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

நேற்றிலிருந்து பட்டியில் கட்டிக்கிடந்த மாடுகளுக்கு வயிறு ஒட்டியிருந்தது. காலை நேரம் தப்பியும் அவிழ்க்க ஆள் வராததால் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஒன்று வந்தது. அதன் பின்னால் மற்றவையும். திறந்து கிடந்த படல் வழியாகத் தினமும் வருகிற மாதிரியே நுழைந்தன. உழுத மண்ணில் நின்று ஒரு கணம் மோந்தன. பிறகு தலையைக் குனிந்து, கலப்பை புரட்டிப் போட்டிருந்த தூர்களை வாயால் இழுத்து, தலையை ஆட்டி மண்ணை உதறி, வெள்ளை வேர்களை மெல்ல ஆரம்பித்தன. சாலோடு சாலாக, நிதானமாக, உழுதபடியே வரிசையில் நடந்து தின்றன.

அத்தாயி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு விரட்டப் போனாள். பாதி தூரத்தில் நின்றாள். குச்சியைப் போட்டுவிட்டு, சாலில் உட்கார்ந்து, ஒரு தூரைப் பிடுங்கி, மடியில் தட்டி மண்ணைப் போக்கி, பக்கத்தில் வந்த மாட்டின் வாயில் வைத்தாள். அப்புறம் இன்னொரு தூரை எடுத்தாள்.